பட்டாம்பூச்சி வேணும், புழு வேண்டாமாம்!

தலைப்பைப் பார்த்துவிட்டு யாரும் அடிக்க வராதீர்கள். குற்றப்பத்திரிகை முதலில் என் மேல்தான். உங்கள் முறை அப்புறம் வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே புனேயில் நம்மவர் ஒருவர் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல மனிதர்கள், நல்ல சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் அந்த வீட்டு அம்மாள் பால்கனிக்குக் கூட்டிப்போய்க் கறிவேப்பிலைச் செடியைக் காட்டினார். "பாருங்கண்ணா, ஒரு இலையில ஓட்டை இருக்கா? பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் மருந்து அடிச்சிருவோம்ல!" ஓட்டை இல்லைதான். இலையெல்லாம் எண்ணெய் தடவி வாரிவிட்ட தலை மாதிரி பளபளவென்று இருந்தது.

உள்ளே அவர்கள் பெண் குழந்தையின் அறை. சுவர் முழுக்கப் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர், போர்வையில் பட்டாம்பூச்சி, ஸ்கூல் பையில் பட்டாம்பூச்சி. ஏழு வயது. என்னைப் பார்த்து அது கேட்டது: "அங்கிள், உங்க வீட்டு பால்கனிக்கு நிஜ பட்டர்ஃப்ளை வருமாமே, எங்க வீட்டுக்கு ஏன் வர மாட்டேங்குது?"

பெரியவர்கள் நாலு பேரும் சிரித்தோம். யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்ட வீட்டில் எப்படிச் சொல்வது? அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்த வீட்டுக்காரர்களும் படிப்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அடுத்த ஞாயிறு நம் வீட்டில் சாப்பாடு.

பதில் இதுதான். வருகிறதம்மா, பட்டாம்பூச்சி உங்கள் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. முட்டை வைத்துவிட்டுப் போகிறது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை உங்கள் அப்பா அதைக் கொன்றுவிடுகிறார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2019-ல் வங்கி என்னைப் புனேவுக்குத் தூக்கிப் போட்டது. 2020 ஜனவரியில் அம்மா மதுரையிலிருந்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறி வந்தார். கூடவே முறுக்கு டப்பா, நார்த்தங்காய் ஊறுகாய், ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கறிவேப்பிலைக் கன்று. எங்கள் வீட்டுக் கொல்லையில் கிணற்றடி மரத்தின் வேரிலிருந்து கிளம்பிய கன்று. "இங்க காய் வாங்கினா கடிபத்தா சும்மாவே குடுக்கிறான்மா" என்றேன். "சும்மா குடுக்கிறதுக்கு வாசம் இருக்காதுடா" என்றார். அம்மா 2021-ல் போய்விட்டார். கன்று நின்றது.

அந்தச் செடி இடுப்புயரம் வளர்ந்தபோது, 2022 மழைக்காலத்தில், இலைகளின் மேல் பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டால் நெளிந்தது. எனக்கு மண்டைக்குள் என்னவோ ஆகிவிட்டது. அம்மா கொண்டுவந்த செடியை ஒரு புழு தின்பதா? இடுக்கி எடுத்து ஒவ்வொன்றாகப் பிடித்து நாலாவது மாடியிலிருந்து கீழே போட்டேன். பதினாலு. எண்ணினேன், தொழில் புத்தி. அன்றைக்கு எனக்கு ஏதோ அம்மாவுக்கே காவல் இருந்த மாதிரி ஒரு நிம்மதி வேறு.

ஒன்று மட்டும் தப்பித்துவிட்டது. துணி காயப்போடும் ஸ்டாண்டின் காலில் போய்க் கூட்டுப்புழுவாக ஒட்டிக்கொண்டது. காய்ந்த இலைச் சுருள் என்று நினைத்து யாரும் கவனிக்கவில்லை. ஒரு காலையில் என் மகள் கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தால், கசங்கிய துணி மாதிரி ஒன்று அந்தக் கூட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கண் முன்னால் அந்தக் கசங்கல் மெல்ல மெல்ல இஸ்திரி போட்ட மாதிரி விரிந்து, கறுப்புச் சிறகும் வெள்ளைப் பொட்டு வரிசையுமாக ஆனது. இரண்டு மணி நேரம் கழித்துப் பறந்து போனது. அன்றைக்கு நான் ஆபீசுக்கு லேட்.

மகள் கேட்டாள்: "அப்பா, அன்னிக்கு நீ கீழ போட்டதெல்லாம் இதுதானா?"

பதினாலு. நான்தான் எண்ணி வைத்திருந்தேனே.

அதன் பெயர் காமன் மார்மன். தமிழில் கறிவேப்பிலை அழகி என்று எழுதுகிறார்கள். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாம் ஒரே குடும்பத்துத் தாவரங்கள். அந்தக் குடும்பத்து இலையைத் தவிர வேறெதையும் இந்தப் புழு தின்னாது. மூக்கு முன்னால் கீரைக்கட்டை வைத்தாலும் பட்டினி கிடந்து சாகுமே தவிர, வாய் வைக்காது. எலுமிச்சையைத் தின்னும் லைம் பட்டாம்பூச்சியும் கறிவேப்பிலைக்கு வரும்.

ஊரை விட்டு ஊர் வந்த தமிழ்க் குடும்பம் முதலில் வைக்கும் செடி எது? துளசி, அடுத்தது கறிவேப்பிலை. புனே, அகமதாபாத், நொய்டா, புவனேஸ்வர், எங்கே போனாலும் நம் பால்கனியை அடையாளம் காட்டுவது அந்தத் தொட்டிதான். தெரியாமலேயே நாம் ஒவ்வொருவரும் ஒரு பட்டாம்பூச்சிப் பிரசவ வார்டு கட்டி வைத்திருக்கிறோம். கட்டிவிட்டு, பிறக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் விஷம் வைக்கிறோம். அப்புறம் பிள்ளைகளின் சுவரில் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். இதைக் கேட்க ஆளில்லையா என்றுதான் நான் இப்போது கத்திக்கொண்டிருக்கிறேன்.

உடனே வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"ஐயோ, கம்பளிப்பூச்சி! அரிக்குமே!" இதுதான் முதல் பதில். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். முருங்கை மரத்திலிருந்து. மழைக்காலத்தில் முருங்கைத் தண்டு முழுக்க மயிர் மயிராக அப்பிக்கிடக்கும், மேலே விழுந்தால் தடிப்புத் தடிப்பாக வீங்கும். தாத்தா துணிப்பந்தம் கொளுத்திக் கருக்குவார். அது ஒரு அந்துப்பூச்சியின் புழு. கறிவேப்பிலைப் புழுவுக்கு ஒரு முடி கிடையாது. அரிக்காது, கடிக்காது. ரொம்பத் தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை வெளியே நீட்டும், ஒரு நெடி அடிக்கும். அவ்வளவுதான் அதன் வீரம். முருங்கைப் புழுவின் குற்றத்துக்குக் கறிவேப்பிலைப் புழுவைத் தூக்கில் போடுகிறோம். அண்ணன் வாங்கிய கடனுக்குப் பக்கத்துத் தெருக்காரன் வீட்டை ஜப்தி செய்தால் எந்த வங்கியாவது பொறுக்குமா?

"செடி செத்துப்போகும்." போகாது. நான் 2022-லிருந்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவின் செடி இதுவரை மூன்று முறை மொட்டையானது. மூன்று முறையும் ஒரு மாதத்துக்குள் முன்னைவிடக் கிளைவிட்டுத் துளிர்த்தது. கறிவேப்பிலையை நுனி கிள்ளினால்தான் அடர்ந்து வளரும் என்று நம் பாட்டிகளுக்கே தெரியும். புழு செய்வதும் அந்தக் கிள்ளல்தான். என்ன, உங்களைக் கேட்காமல் செய்கிறது. முழங்கால் உயரம் கூட இல்லாத கன்றாக இருந்தால் கவலை நியாயம்தான். அப்போது புழுவை இலையோடு எடுத்து வேறொரு கறிவேப்பிலைக்கோ எலுமிச்சைக்கோ மாற்றுங்கள். அதற்கு மருந்து தேவையில்லை, ஒரு கத்தரிக்கோல் போதும்.

"தாளிக்க இலை வேண்டாமா?" இது எங்கள் வீட்டுத் தங்கமணி கேட்டது. அவருக்குப் பதில் சொல்லும் தைரியம் எனக்கு இல்லாததால் இரண்டாவதாக ஒரு தொட்டி வாங்கி வைத்தேன். ஒன்று சமையலுக்கு, ஒன்று அழகிக்கு. அழகி எந்தத் தொட்டி எதற்கென்று படிக்கத் தெரியாதவள் என்பதால் இரண்டிலும் முட்டை வைக்கிறாள். இப்போது தங்கமணியே சமையல் தொட்டியிலிருந்து புழுவை எடுத்து மற்ற தொட்டிக்கு மாற்றுகிறார், "போ, உன் ஹாஸ்டலுக்குப் போ" என்று திட்டிக்கொண்டே :-)

ஆனால் மருந்தடிக்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். இந்தியக் கறிவேப்பிலையில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதென்று ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தனிப் பரிசோதனைப் பட்டியலில் வைத்த செய்தி வந்தபோது, "பார்த்தீங்களா, வியாபாரிங்க எப்படி விஷத்தை அடிக்கிறாங்க!" என்று கொதித்தவர்கள் நாம். அதற்காகத்தானே வீட்டில் தொட்டி வைத்தோம்? அந்தத் தொட்டியிலும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை மருந்தடித்து, அதைக் கிள்ளி ரசத்தில் போட்டால், வியாபாரிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? புழு தின்ற ஓட்டை இருந்தால், தின்றபோது அந்த இலையில் தன்னைக் கொல்லும் அளவுக்கு விஷம் இல்லை என்று புழுவே சீல் வைத்துக் கொடுத்த சான்றிதழ் அது. இலவசமாக.

"நாங்க கெமிக்கல் இல்ல சார், ஆர்கானிக்." வேப்பெண்ணெய்தானே? வேப்பெண்ணெய் புழுவின் பசியைக் கெடுக்கும், தோல் உரிக்க விடாமல் தடுக்கும். கடையில் "உயிரியல்" என்று விற்கும் பி.டி. பாக்டீரியா மருந்து புழுவின் குடலைக் கெடுத்துக் கொல்லும். நமக்குக் கெடுதல் குறைவு என்பது உண்மை. புழுவுக்கு? செத்தவனுக்கு ஆர்கானிக்கும் ஒன்றுதான், கெமிக்கலும் ஒன்றுதான்.

"டெங்கு வருமே?" இதுதான் எல்லோரையும் வாயடைக்கும் பதில். டெங்கு கொசு கறிவேப்பிலை இலையில் வளர்வதில்லை. ஏர்கூலரில், தொட்டியின் அடித்தட்டில், மூடாத டிரம்மில் நிற்கும் நல்ல தண்ணீரில் வளர்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் அதையெல்லாம் கொட்டிக் கவிழ்த்துக் காய விடுங்கள் என்றுதான் அரசாங்கமே சொல்கிறது. அதற்குக் குனிய வேண்டும். புகை அடிக்கச் சொல்வதற்கு வாட்ஸாப்பில் ஒரு வரி போதும். நாம் எதைத் தேர்ந்தெடுப்போம் என்று சொல்லவும் வேண்டுமா?

இப்போது எங்கள் குடியிருப்புக் கதைக்கு வருகிறேன். பெயர் வேண்டாம், எல்லாக் குடியிருப்பும் இப்படித்தான்.

மகாராஷ்டிரா 2015-ல் ப்ளூ மார்மனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. நாட்டிலேயே மாநிலப் பட்டாம்பூச்சி என்று ஒன்றை முதலில் அறிவித்தது இந்த மாநிலம்தான். (நம் தமிழ்நாடு 2019-ல் தமிழ் மறவனை அறிவித்தது.) ப்ளூ மார்மன் நம் கறிவேப்பிலை அழகிக்கு நெருங்கிய சொந்தம், அளவில் பெரியது, பின்சிறகில் மயில்கழுத்து நீலம். அதன் புழுவும் எலுமிச்சை இனத்து இலையைத்தான் தின்னும்.

2023-ல் எங்கள் குடியிருப்பில் "பட்டர்ஃப்ளை கார்டன்" திறந்தார்கள். சுவரில் ஆளுயரத்துக்கு ப்ளூ மார்மன் படம். கீழே பென்டாஸ், இட்லிப்பூ, லண்டானா. அந்த இடத்தில் முன்பு இரண்டு எலுமிச்சை மரம் இருந்தது. முள் குத்துகிறது, இலையில் புழு வருகிறது என்று வெட்டித் தள்ளிவிட்டுத்தான் தோட்டம் போட்டார்கள். எலுமிச்சையை வெட்டிய இடத்தில் ப்ளூ மார்மனுக்குப் படம். ஆளைக் கொன்றுவிட்டு அவர் பெயரில் மண்டபம் கட்டுவது அரசியலில்தான் நடக்கும் என்று நினைத்திருந்தேன்.

பூச்செடி மட்டும் வைத்த தோட்டம் வெறும் கேன்டீன். வருகிறவர்கள் டீ குடித்துவிட்டுப் போவார்கள். குடும்பம் நடத்த இலை வேண்டும். ஒவ்வொரு பட்டாம்பூச்சிக்கும் அதற்கென்று குறித்து வைத்த இலை. எருக்குக்கு வெந்தய வரியன் வரும். அரளிக்குக் காமன் க்ரோ வரும், அதன் கூட்டுப்புழு வெள்ளிக் கிண்ணம் கவிழ்த்த மாதிரி மின்னும். கொன்றைக்கு எமிக்ரன்ட், ரணகள்ளிக்கு ரெட் பியரோ, ஆமணக்குக்குக் காமன் காஸ்டர். காம்பவுண்டுச் சுவரோரம் வரிசையாக நிற்கும் நெட்டிலிங்கத்துக்கு டெய்ல்டு ஜே. வெட்டாமல் விட்ட புல்லுக்குக்கூட ஆள் உண்டு. இந்தப் பட்டியலில் பாதியைக் களை என்று சொல்லித்தானே தோட்டக்காரரிடம் பிடுங்கச் சொல்கிறோம்?

அந்த ஆண்டு செப்டம்பர் கடைசி வாரம். வங்கியில் இருப்பவர்களுக்குத் தெரியும், அரையாண்டுக் கணக்கு முடிப்பு, கழுத்து வரை வேலை. குடியிருப்பிலிருந்து ஒரு படிவம் வந்தது. பூச்சி மருந்து அடிக்க ஒப்புதல். ஏழெட்டுக் கட்டம், எல்லாவற்றிலும் ஏற்கனவே டிக் போட்டிருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று இருபது வருடமாக வாடிக்கையாளர்களுக்கு உபதேசம் செய்கிற அதிகாரி, படிக்காமல் போட்டேன்.

நாலாவது கட்டம்: பால்கனிச் செடிகள்.

அன்றைக்குச் செடியில் பதினோரு புழு இருந்தது. மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள், எது எத்தனையாவது தோல் உரித்தது என்று என் பழைய லெட்ஜரில் தனிப் பக்கம் போட்டு எழுதி வந்தாள். நான் இரவு ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்தேன். செய்தித்தாள் விரித்து அதன் மேல் பதினொன்றையும் வரிசையாக வைத்திருந்தாள். அழுது முடித்திருந்தாள். படிவத்தின் நகலைக் காட்டி ஒன்றுதான் கேட்டாள்: "இது உன் கையெழுத்தாப்பா?"

ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு அவள் அந்த லெட்ஜரில் எழுதவில்லை. இப்போது நான்தான் எழுதுகிறேன். குடியிருப்புக் கமிட்டியில் சண்டை போட்டேன், அது வேறு கதை. இப்போது வீட்டு வாரியாக, செடி வாரியாகத் தனித்தனி ஒப்புதல் என்று மாற்றியிருக்கிறார்கள். கீழ்த்தளத்து மராத்தி ஆஜி ஒருவர்தான் என் பக்கம் பேசினார். "அளி இல்லாம ஃபுல்பாக்ரூ எங்கேர்ந்து வரும்?" என்று கமிட்டியைப் பார்த்து ஒரே கேள்வி. அளி என்றால் மராத்தியில் புழு, ஃபுல்பாக்ரூ என்றால் பட்டாம்பூச்சி. அந்தப் பாட்டி எந்தப் பட்டமும் படித்தவரில்லை.

இனி அடி என் சொந்தக் கூட்டத்துக்கு. பட்டாம்பூச்சி வளர்ப்பவர்கள், படம் எடுப்பவர்கள்.

"இந்த சீசன்ல இருநூறு ரிலீஸ் பண்ணேன்" என்று போடுகிறீர்களே, எதற்கு இந்தக் கணக்கு? டெபாசிட் டார்கெட்டா? கறிவேப்பிலை அழகி அழிந்துகொண்டிருக்கும் இனம் இல்லை. நீங்கள் டப்பாவில் வளர்த்துக் காப்பாற்ற வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. ஒரே டப்பாவில் நாற்பது புழுவைத் திணித்தால் ஒன்றுக்கு வந்த நோய் நாற்பதுக்கும் வரும். வெளியே இருந்தால் பாதிக்கு மேல் குளவிக்கும் எறும்புக்கும் குருவிக்கும் போகும். போகட்டும். குளவிக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. ஒருமுறை நான் பத்திரமாக உள்ளே கொண்டுவந்த கூட்டுப்புழுவிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதிலாகக் கடுகு மாதிரி குட்டிக் குளவிகள் வந்தன. அன்றைக்கு ஏமாற்றம். பிறகு யோசித்தால், அதுவும் அந்தச் செடியின் வரவு செலவில் ஒரு வரிதான்.

பிள்ளைகளோடு ஒன்றோ இரண்டோ வளருங்கள், பார்க்கக் கற்றுக்கொள்வதற்காக. முட்டையிலிருந்து மூன்று நான்கு நாளில் வரும். முதலில் எச்சம் மாதிரி வேஷம், கடைசித் தோலில் பச்சை. இரண்டு மூன்று வாரம் தின்னும். அப்புறம் தென்னை ஏறுபவர் வடத்தில் சாய்ந்து நிற்பது போல இடுப்பில் ஒரு பட்டுக் கயிறு கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். பச்சைத் தண்டில் என்றால் பெரும்பாலும் பச்சைக் கூடு, காய்ந்த குச்சியில் என்றால் பழுப்பு. ஏறக்குறைய பத்து நாள். குளிர்காலத்தில் எல்லாமே மெதுவாகும். மற்றதையெல்லாம் செடியிலேயே விடுங்கள். அதுதான் வளர்ப்பு.

படத்துக்காகப் பட்டாம்பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மரத்துப்போகச் செய்து, பூவில் உட்கார வைத்துப் படம் பிடிப்பவர்கள் உண்டு. லைக் அள்ளும். மயக்க மருந்து கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்குவதற்குச் சமம் அது. தேவையே இல்லை. கூடு கறுத்து உள்ளே சிறகின் நிறம் தெரிந்தால் மறுநாள் காலை பெரும்பாலும் வெளியே வரும். வந்த பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் எங்கும் போகாது, சிறகு காய வேண்டும். செல்போன் போதும். இல்லையென்றால் வெயில் ஏறத் தொடங்கும் காலை வேளையில் தோட்டத்துக்குப் போங்கள், உடம்பைச் சூடேற்றச் சிறகை விரித்துக்கொண்டு தானே உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று. பூவில் உட்கார்ந்த பட்டாம்பூச்சிப் படம் கோடிக்கணக்கில் இருக்கிறது. புழுவையும் அது தின்னும் இலையையும் சேர்த்து எடுங்கள். "பட்டர்ஃப்ளைஸ் ஆஃப் இந்தியா" இணையதளத்தில் அந்த மாதிரிப் படத்துக்குத்தான் தனிப் பக்கம் இருக்கிறது. 2020-லிருந்து ஒவ்வொரு செப்டம்பரிலும் நாடு முழுக்கப் பட்டாம்பூச்சி மாதம் என்று கணக்கெடுக்கிறார்கள், பால்கனிக் கணக்கும் சேர்த்தி.

அப்படி உற்றுப் பார்த்ததால்தான் எனக்கு ஒரு மோசடிக் கேஸ் பிடிபட்டது. கறுப்புச் சிறகில் சிவப்புப் பொட்டு வைத்த பட்டாம்பூச்சி ஒன்று என் செடியில் முட்டை வைத்தது. கிரிம்சன் ரோஸ் என்று நினைத்தேன். ஆனால் ரோஸின் புழு ஈஸ்வரமூலி வகைக் கொடியைத்தான் தின்னும், அந்தக் கொடியின் நஞ்சு அதன் உடம்பில் ஏறியிருப்பதால் பறவைகள் தொடாது. கறிவேப்பிலையில் அதற்கு என்ன வேலை? அது ரோஸ் இல்லை, நம் அழகியேதான். இந்த இனத்துப் பெண்ணில் மூன்று விதம் உண்டு: ஒன்று ஆணைப் போலவே இருக்கும், ஒன்று காமன் ரோஸ் வேஷம், ஒன்று கிரிம்சன் ரோஸ் வேஷம். விஷம் இல்லாதவள், விஷக்காரியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு பறவையை ஏமாற்றுகிறாள். கே.ஒய்.சி.யில் நான் இதுவரை பார்த்த போலி ஆவணங்களில் இவ்வளவு நேர்த்தி கிடையாது. இந்த வேஷ மாற்றத்தை ஒரே ஒரு மரபணு நடத்துகிறது என்று 2014-ல் க்ருஷ்ணமேக் குண்டேயும் கூட்டாளிகளும் நேச்சர் இதழில் எழுதினார்கள். டபுள்செக்ஸ் என்று அந்த மரபணுவுக்குப் பெயர். உலகமே வியந்து படிக்கும் ஒரு பட்டாம்பூச்சி, நம் ரசத்துக்கு வைத்த தொட்டியில் பிள்ளை பெறுகிறது. நாமோ மருந்து பாட்டிலைக் குலுக்கிக்கொண்டு நிற்கிறோம்.

அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவ்வப்போது நினைப்பேன். கொல்லை மரத்தில் அம்மா ஒருநாளும் மருந்து அடித்ததில்லை. இலை பறிக்கும்போது ஓட்டை விழுந்ததை ஒதுக்கி நல்லதாகப் பார்த்துப் பறிப்பார், அவ்வளவுதான். புழுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு நினைவில்லை. மரம் அவருக்கும் இலை கொடுத்தது, புழுவுக்கும் கொடுத்தது. அம்மாவின் செடியைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் இடுக்கியோடு நின்றேனே, அது அம்மாவின் பழக்கமே இல்லை. இந்த நாலு மாடி உயரத்தில், ஒற்றைத் தொட்டியை வைத்துக்கொண்டு, ஒரு இலை போனாலும் ஊரே போன மாதிரி பதறுகிற நம் பழக்கம் அது.

நாம் எல்லோரும் அப்படித்தான் பதறுகிறோம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களிடம் கத்துகிறேன். நூறு ஏக்கர்க்காரனிடம் கத்திப் பயனில்லை.

ஆகவே, அந்தக் குட்டிப் பெண்ணின் அப்பா அம்மாவுக்கும், மற்ற எல்லோருக்கும்: இந்த முறை மருந்து அடிக்கும் நாள் வரும்போது அடிக்காதீர்கள். ஒரே ஒரு முறை. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்த் துளிர் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். ஜவ்வரிசியை விடச் சின்னதாக, வெளிர் மஞ்சளில் ஒரு முத்து ஒட்டியிருந்தால் குழந்தையிடமே சொல்லுங்கள், பட்டர்ஃப்ளை வந்துவிட்டது என்று. அப்புறம் மருந்து பாட்டிலை எங்கே வைப்பதென்று குழந்தையே சொல்லும்.

என் மகள் இப்போது பெரிய வகுப்பு. போன வாரம் பால்கனியில் நின்றுகொண்டு, "அப்பா, மூணாவது கிளையில ஒண்ணு பச்சையாயிருச்சு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். லெட்ஜரை நான்தான் எடுத்து எழுதினேன். பரவாயில்லை, கிளை நம்பர் அவள் சொன்னது.

டிஸ்கி: எனக்கு அடுத்த டிரான்ஸ்ஃபர் எப்போது வேண்டுமானாலும் வரும். அம்மாவின் செடி லாரியில் வராது, வேர்க்கன்று ஒன்றுதான் ஈரச் சாக்கில் வரும். தாய்ச் செடியைக் கீழ்த்தளத்து ஆஜி கேட்டிருக்கிறார். ஒரே நிபந்தனையோடு கொடுப்பதாகச் சொன்னேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே நிபந்தனையைச் சொல்லிவிட்டார்.